என்பிஐ போட்டதும் படம் கெடுகிறதா? மூச்சுக்குழாய் பயாப்ஸிக்கான பிழை நீக்கும் வழிமுறை, அறிகுறி வாரியாக

என்பிஐ (நேரோ பேண்ட் இமேஜிங், குறுகிய அலைநீள ஒளியில் பார்க்கும் முறை) போட்டதும் திரை இருண்டுவிட்டது. எல்லாம் ஒரே பழுப்பாக இருக்கிறது. பட்டனை அமுக்கினால் ஒன்றும் ஆகவில்லை. ப்ராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் ஸ்கோப் விட்டுப் பார்க்கும் சோதனை) அறையில் வேலை பார்க்கிற எல்லோரும் இந்தப் புகார்களைத் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பார்கள். எதை முதலில் பார்த்தால் நேரம் மிச்சமாகும், எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு இன்ஜினியரையோ பெரிய டாக்டரையோ கூப்பிட வேண்டும் என்று எங்கள் அறையில் எழுதி ஒட்டியிருந்த குறிப்பை இங்கே விரித்து எழுதுகிறேன். டெக்னீஷியன்கள், ஸ்டாஃப் நர்ஸ்கள், புதிதாக ஸ்கோப் பிடிக்கும் நுரையீரல் துறை முதுநிலை மாணவர்கள் ஆகியோருக்கானது இது.

கொள்கை விளக்கத்துக்குள் போகப் போவதில்லை. இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். என்பிஐ-யில் 400 முதல் 430 நானோமீட்டர் வரையுள்ள நீலமும், 530 முதல் 550 வரையுள்ள பச்சையும் மட்டுமே உள்ளே போகின்றன. ஹீமோகுளோபின் இரண்டையும் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் சவ்வின் மேற்பரப்பிலுள்ள நுண்குழாய்கள் பழுப்பாகவும், சற்று ஆழத்தில் ஓடுபவை நீலப்பச்சையாகவும் பிரிந்து தெரிகின்றன. குழாய்க்குள் ஓடும் இரத்தத்தைக் காட்டிக்கொடுக்கிற அதே ஒளி, வெளியே வழிந்த இரத்தத்தின் மேல் பட்டால் திரையைக் கறுப்பாக்கிவிடும். மெஷினைச் சந்தேகப்படும் முன் லென்ஸுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கீழே சொல்வது பெரும்பாலும் ஒலிம்பஸ் 180, 190 வரிசைகளை மனதில் வைத்து. பென்டாக்ஸின் ஐ-ஸ்கேன், ஃபுஜிஃபில்மின் ஃபைஸ் போன்றவை வெள்ளை ஒளியில் எடுத்த படத்தையே புராசசரில் மாற்றிக் காட்டுபவை. ஃபில்டர் பற்றிய குறிப்புகள் அவற்றுக்குப் பொருந்தாது. இரத்தம், சளி, பயாப்ஸி பற்றியவை பொருந்தும்.

எந்த அறிகுறியானாலும் ஒரு விதி உண்டு. படம் முழுதாகப் போய்விட்டால் ஸ்கோப்பை ஒரு இம்மிகூட முன்னே தள்ளக் கூடாது. ஃபோர்செப்ஸ் (சதைத் துண்டைக் கடித்தெடுக்கும் இடுக்கி) வெளியே இருந்தால் மூடி உள்ளே இழுங்கள். லீவரை விட்டு நுனியை நேராக்குங்கள். பிறகு ஸ்கோப்பை மெதுவாக வெளியே எடுங்கள். காரணம் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகு. இரத்தத்தால் திரை கறுத்தால் என்ன செய்வது என்பதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

## பட்டனை அமுக்கினாலும் ஒளி மாறவில்லை

ஃப்ரீஸ் ஆகியிருக்கிறதா? படம் அசைகிறதா என்று பாருங்கள். அசையவில்லை என்றால் ஃப்ரீஸை எடுத்துவிட்டு மறுபடி அமுக்குங்கள். "அண்ணா, என்பிஐ வரலை" என்று குரல் வரும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

லைட் சோர்ஸ் முகப்பில் உள்ள என்பிஐ பட்டன் வேலை செய்கிறதா? செய்கிறது என்றால் கோளாறு ஸ்கோப்பில் இல்லை. ஸ்கோப் தலையிலுள்ள பட்டன்களில் எது எதற்கு என்பதை ஒவ்வொரு டாக்டரும் தன் வசதிக்கு மாற்றி வைத்திருப்பார். யூசர் பிரீசெட்டில் சரியான பெயரைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. நோயாளி உள்ளே வரும் முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டு பட்டனும் வேலை செய்யவில்லையா? ஸ்கோப்பை மெஷின் அடையாளம் கண்டுகொண்டதா என்று திரையில் பாருங்கள். பழைய ஸ்கோப் சிலவற்றுக்கு என்பிஐ வசதியே கிடையாது. வசதி உள்ள ஸ்கோப் என்றால் புராசசரை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, தொடுமுனைகளை ஆல்கஹால் தொட்ட காஸ் துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் மாட்டுங்கள். டிராலியை இடம் மாற்றிய மறுநாள் இந்தப் புகார் வந்தால், புராசசருக்கும் லைட் சோர்ஸுக்கும் நடுவே ஓடும் கேபிள் தளர்ந்திருக்கும்.

எமர்ஜென்சி விளக்கு எரிகிறதா? ஸெனான் விளக்கு அணைந்து உதவி விளக்குக்கு மாறியிருந்தால் என்பிஐ வராது. அந்த விளக்கு ஸ்கோப்பைப் பத்திரமாக வெளியே எடுப்பதற்காக மட்டுமே. அந்த வெளிச்சத்தில் பயாப்ஸியைத் தொடர வேண்டாம்.

இத்தனையும் சரியாக இருந்து, பட்டனை அமுக்கும்போது உள்ளே ஃபில்டர் நகரும் சத்தமும் கேட்கவில்லை என்றால், பயோமெடிக்கல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். லைட் சோர்ஸின் மூடியை நீங்கள் திறக்காதீர்கள்.

## என்பிஐ போட்டதும் படம் இருட்டாகிறது

ஒளியின் பெரும்பகுதியை ஃபில்டர் தடுத்துவிடுவதால் வெள்ளை ஒளியைவிட என்பிஐ சற்று இருட்டாகத்தான் இருக்கும். எந்த மாதிரி இருட்டு என்பதுதான் கேள்வி.

தூரத்தில் மட்டும் இருட்டு, கிட்டப் போனால் தெளிவு. இது கோளாறே இல்லை. மூச்சுப் பெருங்குழாயின் மேல்பகுதியில் நின்றுகொண்டு கரைனாவை (அந்தக் குழாய் இரண்டாகப் பிரியும் இடம்) என்பிஐ-யில் பார்க்க முயன்றால் இருட்டுதான் தெரியும். தூரப் பார்வைக்கு வெள்ளை ஒளி. சந்தேக இடத்தை நெருங்கிய பின் என்பிஐ.

ஃபோர்செப்ஸ் வெளியே வந்ததும் இருட்டு. பளபளக்கும் உலோகத்தைப் பார்த்ததும் ஆட்டோ ஐரிஸ் வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. பின்னாலிருக்கும் சதை இருட்டில் போகிறது. ஐரிஸ் பீக் நிலையில் இருந்தால் ஆவரேஜ் அல்லது ஆட்டோவுக்கு மாற்றுங்கள். ஃபோர்செப்ஸைச் சற்று உள்ளே இழுத்துத் திரையின் ஓரத்தில் மட்டும் தெரியும்படி வைத்தாலும் போதும்.

திரையில் பாதி மட்டும் இருட்டு. ஸ்கோப் நுனியில் ஒளி வெளிவரும் சிறு கண்ணாடிகளில் ஒன்றின் மேல் சளி ஒட்டியிருக்கலாம். சலைன் விட்டுக் கழுவுங்கள். போகவில்லை என்றால் வெளியே எடுத்துத் துடைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் பாதி இருட்டாகவே இருந்தால் ஒளியிழைகள் உடைந்திருக்கின்றன. அது கம்பெனி சர்வீஸுக்குப் போக வேண்டிய ஸ்கோப்.

வெள்ளை ஒளியிலும் இருட்டு. லென்ஸைத் துடைப்பது, பிரைட்னஸ் மேனுவலில் இறங்கிக் கிடக்கிறதா என்று பார்ப்பது, லைட் சோர்ஸுக்குள் செருகும் முனையைத் துடைப்பது, கடைசியாக விளக்கின் மணிக் கணக்கு. இதே வரிசையில் பாருங்கள். 300 வாட் ஸெனான் விளக்குக்கு ஏறத்தாழ 500 மணி நேர ஆயுள் சொல்கிறார்கள். விளக்கு தேய ஆரம்பித்ததை முதலில் என்பிஐ-தான் காட்டிக்கொடுக்கும். வெள்ளை ஒளியில் இன்னும் சமாளித்துக்கொண்டிருப்பீர்கள். 400 மணியைத் தாண்டியதும் புது விளக்குக்கு இண்டென்ட் போட்டுவிடுங்கள். கொள்முதல் ஃபைல் நகர்ந்து வர ஆகும் காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் அல்லவா? இரண்டு கேஸுக்கு நடுவே விளக்கை அணைத்து அணைத்துப் போடுவதும் அதன் ஆயுளைக் குறைக்கும். எல்இடி ஒளி உள்ள புதிய மெஷின்களில் இந்தத் தொல்லை இல்லை.

## திரை கறுத்துப்போகிறது, எல்லாம் ஒரே பழுப்பு

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். சொன்ன இடத்திலிருந்து சதைத் துண்டு வந்ததா இல்லையா என்பது பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது.

முதல் துண்டு எடுத்த பிறகு கறுத்ததா? கறுக்கத்தான் செய்யும். மெல்லிய இரத்தப் படலமே போதும். வெள்ளை ஒளியில் இளஞ்சிவப்பாகத் தெரிவது என்பிஐ-யில் தார் பூசியதுபோல் ஆகிவிடும். இதற்கான தீர்வு மெஷினில் இல்லை, வேலையின் வரிசையில் இருக்கிறது. நாங்கள் பின்பற்றும் வரிசை இது: முதலில் வெள்ளை ஒளியில் இரண்டு பக்கக் கிளைக்குழாய்களையும் முழுதாகப் பார்ப்பது, அடுத்து என்பிஐ-யில் நல்ல பக்கம், கடைசியில் சந்தேகப் பக்கம், சந்தேக இடத்தை இரண்டு ஒளியிலும் படமெடுத்துச் சேமிப்பது, நுரையீரல் கழுவுநீர் எடுக்க வேண்டுமானால் அது, அதன் பிறகே பிரஷ்ஷும் ஃபோர்செப்ஸும். இரத்தம் வருமுன் என்பிஐ-யில் பார்த்து, படத்தையும் சேமித்துவிட்டால், பிறகு திரை கறுத்தாலும் எங்கே கடிக்க வேண்டும் என்பது கையில் இருக்கும். சேமித்த படத்தைப் பக்கத்துத் திரையில் வைத்துக்கொண்டு, வெள்ளை ஒளியில் இடத்தைக் கண்டுபிடித்து அடுத்தடுத்த துண்டுகளை எடுக்கலாம்.

கட்டி கண்ணுக்குத் தெரிகிறபோது குறைந்தது ஐந்து துண்டுகளாவது எடுக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டியின் 2013 வழிகாட்டி சொல்கிறது. முதல் துண்டிலேயே திரை கறுத்துவிட்டால் மீதி நான்கையும் குத்துமதிப்பாக எடுக்க நேரும். அந்த நான்கும் நல்ல துண்டுகளாக வருவதற்காகத்தான் இந்த வரிசை.

துண்டு எடுக்கும் முன்பே கறுத்ததா? சக்ஷனைச் சந்தேகியுங்கள். நுனி சவ்வைத் தொட்டிருக்கும்போது சக்ஷனை அமுக்கினால் சவ்வு உள்ளே இழுபட்டு இரத்தப் பொட்டுகள் விழும். என்பிஐ-யில் அவை பழுப்புப் புள்ளிகளாகத் தெரிந்து, நோயென்று நம்மை நம்ப வைக்கும். நுனி குழாயின் நடுவில் இருக்கும்போது மட்டும், சக்ஷனைத் தொடர்ந்து பிடிக்காமல் விட்டு விட்டு அமுக்குங்கள்.

நோயாளி இரத்தமாகத் துப்பிக்கொண்டு வந்தவரா? உள்ளே இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது என்பிஐ போடுவது நேர விரயம் என்பது என் தீர்மானமான கருத்து. வெள்ளை ஒளியிலேயே இரத்தம் எந்தப் பக்கம், எந்த மடலிலிருந்து வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கழுவித் தெளிந்தால் பிறகு என்பிஐ-யை யோசிக்கலாம்.

இரத்தத்தை நிறுத்தித் திரையைத் தெளிய வைக்க. ஸ்கோப்பை அவசரமாக வெளியே இழுக்காதீர்கள். இடத்தை விட்டால் திரும்பக் கண்டுபிடிப்பது கஷ்டம். குளிர்ந்த சலைனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சற்றுப் பொறுத்து, மெதுவாக உறிஞ்சுங்கள். இரத்தம் வரும் இடத்தை அடைத்துக்கொண்டு உறைகட்டி உட்கார்ந்திருந்தால் அதைப் பிடுங்க வேண்டாம், அதுதான் அடைப்பு. டாக்டர் சொன்னால் மட்டும் நீர்த்த அட்ரினலின். இதய நோய் உள்ளவர்களிடம் அதைக் கூடுதல் கவனத்தோடு பயன்படுத்த வேண்டும். அளவு அவர் முடிவு.

சலைன், லிக்னோகெய்ன் (மரத்துப்போக வைக்கும் மருந்து), அட்ரினலின் மூன்றும் சிரிஞ்சில் ஒரே மாதிரி தண்ணீராகத்தான் இருக்கும். இருட்டறையில், திரை கறுத்த பதற்றத்தில், கை எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது. கேஸ் ஆரம்பிக்கும் முன்பே மூன்றிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். அட்ரினலின் தட்டு தனியாக இருக்கட்டும்.

இரத்தம் அதிகம் வருவதற்கான காரணம் பல சமயம் மாத்திரைச் சீட்டில் இருக்கும். க்ளோபிடோக்ரெல் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிடுபவரா என்று முந்தின வாரமே கேட்டிருக்க வேண்டும். பயாப்ஸி எண்ணம் இருந்தால் சுமார் ஏழு நாளுக்கு முன் அதை நிறுத்துவது வழக்கம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவராக இருந்தால் இதய டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தவே கூடாது. குறைந்த அளவு ஆஸ்பிரினைப் பொதுவாக நிறுத்தத் தேவையில்லை.

எப்போது ஆள் கூப்பிட வேண்டும்? சலைனுக்கும் அட்ரினலினுக்கும் அடங்காமல் இரத்தம் நிரம்பிக்கொண்டே வந்தாலோ, ஆக்ஸிஜன் அளவு இறங்கி ஏற மறுத்தாலோ, இது இனி படப் பிரச்சினை இல்லை. இரத்தம் வரும் பக்கம் கீழே இருக்கும்படி நோயாளியைத் திருப்புங்கள். மயக்க மருந்து டாக்டரையும், சீனியர் இன்டர்வென்ஷன் டாக்டரையும் உடனே அழையுங்கள். டியூப் போடும் சாமானும், கிளைக்குழாயை அடைக்கும் பிராங்கியல் பிளாக்கர் பலூனும் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். வேறு மாடியில் பூட்டிக் கிடந்தால் அது இருப்பதும் இல்லாததும் ஒன்று.

## படம் மங்கல், பனி மூடினாற்போல்

உள்ளே போனதும் மங்கி, கொஞ்ச நேரத்தில் தெளிகிறது. ஏசி அறையில் குளிர்ந்த லென்ஸ் சூடான மூச்சுக்காற்றில் வேர்க்கிறது. செலுத்தும் முன் நுனியை வெதுவெதுப்பான ஸ்டெரைல் நீரில் சற்று நேரம் வைத்தால் போதும்.

சளியால் மங்கல். கொஞ்சம் சலைன் விட்டு உறிஞ்சுங்கள். மெல்லிய சளிப் படலமே நுண்குழாய்களை மறைத்துவிடும் என்பதால், வெள்ளை ஒளிக்குப் போதுமான சுத்தம் என்பிஐ-க்குப் போதாது. லென்ஸைச் சவ்வில் தேய்த்துத் துடைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. என்பிஐ பார்க்கப் போகிற இடத்தில் அது வேண்டாம்; தேய்த்த இடம் சிவந்து பழுப்புத் திட்டாகத் தெரியும்.

இருமலால் கலங்கல். நோயாளி இருமிக்கொண்டிருந்தால் எந்த ஒளியிலும் நுண்குழாய் தெரியாது. லிக்னோகெய்ன் விட்டால் வேலை செய்ய அவகாசம் கொடுங்கள். விட்ட அடுத்த நொடியே முன்னேறினால் மருந்தும் வீண், சவ்வும் புண். ஆனால் கணக்கு எழுதிக்கொண்டே வர வேண்டும். வழிகாட்டிகளில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்றும் 8.2 என்றும் வரம்பு சொல்லியிருக்கிறார்கள். குறைந்த வரம்பை எடுத்துக்கொண்டால், 50 கிலோ எடையுள்ளவருக்கு 350 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் அது பதினேழரை மில்லிதான், தொண்டையில் அடித்த ஸ்பிரேயும் சேர்த்து. வயதானவர்களுக்கும் கல்லீரல், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் இதைவிடக் குறைவு.

வெளியே எடுத்துத் துடைத்தும் மங்கல் போகவில்லை. ஈரம் லென்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. ஸ்கோப்பில் எங்கோ ஓட்டை. அந்த ஸ்கோப்பை அத்தோடு நிறுத்திவிட்டு லீக் டெஸ்ட் செய்யுங்கள். காற்றேற்றி, தண்ணீரில் மூழ்க வைத்து, நுனியை மேலும் கீழும் வளைத்தபடி தொடர்ந்து குமிழி வருகிறதா என்று பொறுமையாகப் பாருங்கள். டெஸ்டரை ஸ்கோப்பிலிருந்து தண்ணீருக்குள் வைத்துக் கழற்றக் கூடாது. குமிழி வந்தால் சர்வீஸ். ஓட்டையுள்ள ஸ்கோப்பை "இன்னும் ஒரே ஒரு கேஸ்" என்று ஓட்டுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உள்ளே போன கிருமியைக் கழுவி எடுக்க வழியில்லை. அடுத்துப் படுக்கிறவருக்கு அது தெரியாது.

ஓட்டை விழும் வழிகள் தெரிந்தவைதான்: வளைந்த ஸ்கோப்பில் ஃபோர்செப்ஸை முட்டித் தள்ளுவது, நுனி திரையில் தெரியுமுன் தாடையைத் திறப்பது, ஊசியை உறைக்குள் இழுக்காமல் உள்ளே விடுவது, கடிகட்டை இல்லாமல் வாய்வழியாகப் போவது.

## நிறமே சரியில்லை

வெள்ளை ஒளியில் எல்லாம் பச்சையாகவோ நீலமாகவோ தெரிந்தால் வொயிட் பேலன்ஸ் விட்டுப்போயிருக்கிறது. நுனியை வெள்ளை மூடிக்குள் சுவரில் முட்டாமல் பிடித்து, ஆடாமல், வெள்ளை ஒளி நிலையில் செய்யுங்கள். ஸ்கோப் மாற்றினால் மறுபடி செய்ய வேண்டும். வெள்ளையே சரியில்லாதபோது என்பிஐ-யின் பழுப்பை நம்பி எதையும் சொல்லக் கூடாது.

வொயிட் பேலன்ஸ் செய்தும் மாறவில்லை என்றால் மானிட்டருக்குப் போகும் கேபிளை அசைத்துப் பாருங்கள். இன்னொரு மானிட்டரில் நிறம் சரியாக இருந்தால் கோளாறு முதல் மானிட்டரிலோ அதன் கேபிளிலோதான்.

ஸ்கோப்போ நோயாளியோ அசையும்போது மட்டும் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகப் பிரிந்து வானவில் விளிம்பு வருகிறதா? ஒலிம்பஸின் லூசேரா வகை மெஷின்களில் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எடுக்கப்படுகின்றன. அங்கே அது இயல்பு. அசையாமல் நின்று படமெடுங்கள். சர்வீஸ் தேவையில்லை.

## எங்கு பார்த்தாலும் சந்தேகமாகத் தெரிகிறது

மெஷின் சரி, படம் அருமை, ஆனால் குழாய் முழுக்கப் பழுப்புத் திட்டுகள். எதைக் கடிப்பது?

பரவலாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. அழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். புகைபிடிப்பவர்கள், நாள்பட்ட சளி உள்ளவர்களிடம் நுண்குழாய்கள் பொதுவாகவே பெருத்திருக்கும். தன்னொளிர்வு முறை எனப்படும் ஏஎஃப்ஐ-யில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அழற்சியும் அதில் கருஞ்சிவப்பாகத் தெரியும். அந்த முறை அதிகம் தவறவிடாது, ஆனால் நல்லதையும் சேர்த்துப் பிடித்துவிடும். இரண்டு வசதியும் இருந்தால் ஏஎஃப்ஐ-யில் தேடி, என்பிஐ-யில் கிட்டப் போய்ச் சலிப்பதுதான் சரி.

ஒரே இடத்தில், விளிம்பு கட்டினாற்போல். கிட்டப் போய்க் குழாய்களின் வடிவத்தைப் பாருங்கள். ஜப்பானின் சிபா பல்கலைக்கழகக் குழு 2003 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இங்கே கைகொடுக்கும். வளைந்து நெளிந்த வலைப்பின்னலோடு புள்ளி புள்ளியாகக் குழாய்கள் தெரிந்தால் புற்றுக்கு முந்தைய மாற்றமாக இருக்கலாம். சுருளாக, திருகாணிபோல முறுக்கிக்கொண்ட குழாய்கள் ஸ்குவாமஸ் புற்றுநோய்ப் பக்கம் கை காட்டுகின்றன. ஓடிவந்த குழாய் சட்டென்று அறுந்தாற்போல் முடிவதும் கவனிக்க வேண்டிய அடையாளம். வடிவம் வழிகாட்டும்; தீர்ப்பு பத்தாலஜியிலிருந்துதான் வர வேண்டும்.

கறுப்புத் திட்டு. வெள்ளை ஒளிக்கு மாற்றுங்கள். அதிலும் கறுப்பாகவே இருந்தால் அது இரத்தக்குழாய் இல்லை, கரி படிந்த சவ்வு. பல வருடம் விறகடுப்பில் புகையோடு சமைத்த நம் ஊர்ப் பெண்களிடம் இதை நிறையப் பார்க்கிறோம். சிகரெட்டைத் தொட்டே இருக்க மாட்டார்கள். சில சமயம் அந்த இடத்தில் குழாய் சுருங்கியும் இருக்கும். கரியின் மேல் என்பிஐ எதையும் காட்டாது; திட்டின் ஓரத்தையும் சுருக்கத்தின் விளிம்பையும் வெள்ளை ஒளியில் பாருங்கள். கரியோடு காசநோயும் புற்றுநோயும் சேர்ந்திருக்கக்கூடும் என்பதால் "வெறும் கரிதான்" என்று விட்டுவிட வேண்டாம்.

வீங்கிச் சிவந்து, மேலே வெண்மையான மாவுபோல் படிவு. மூச்சுக்குழாய்க் காசநோய் நினைவுக்கு வர வேண்டும். அதுவும் என்பிஐ-யில் தாறுமாறான குழாய்களைக் காட்டும். ஒளியை வைத்து இரண்டையும் பிரிக்க முயலாதீர்கள், துண்டு எடுங்கள். அறையில் எல்லோர் முகத்திலும் என்95 இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

எந்தத் திட்டு என்று முடிவெடுக்க முடியாமல் நீங்கள் தடுமாறினால் அதுவே சீனியரைக் கூப்பிடும் நேரம். ஒவ்வொரு திட்டாகக் கடித்துக்கொண்டே போனால் இரண்டாவதிலேயே திரை கறுத்துவிடும்.

## நன்றாகத் தெரிந்தது, ஆனால் ரிப்போர்ட்டில் ஒன்றும் வரவில்லை

நோயாளிக்கு இதுதான் மிகப் பெரிய இழப்பு. மறுபடி பட்டினி, மறுபடி அந்தப் பயம், வாரக் கணக்கில் தாமதம். அதனால் இதையும் படக் கோளாறுக்குச் சமமாக வைத்துத் தேடிப் பார்க்க வேண்டும்.

ஃபோர்செப்ஸ் வழுக்கியதா? பக்கச் சுவரில் தட்டையாக இருக்கும் திட்டின் மேல் சாதாரணக் கப் ஃபோர்செப்ஸ் சறுக்கிப்போகும். நடுவில் ஊசியுள்ள ஃபோர்செப்ஸ் குத்தி நிற்கும். நுனியை வளைத்துச் சுவருக்கு முடிந்தவரை நேர்முகமாகக் கொண்டுவந்த பின் கடியுங்கள்.

மேலே இருந்த அழுகலை எடுத்தீர்களா? கட்டியின் உச்சி வெளுத்துச் செத்த திசுவாக இருந்தால் அங்கே எத்தனை துண்டு எடுத்தும் பயனில்லை. என்பிஐ-யில் குழாய் ஓடாத இடம் வெறுமையாகத் தெரியும்; குழாய்கள் உயிரோடு தெரியும் ஓரத்தில் கடியுங்கள். என்பிஐ-யின் மிகப் பெரிய உபகாரம் இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

சவ்வு நன்றாக இருந்து, கீழேயிருந்து புடைத்திருக்கிறதா? கட்டி சவ்வுக்கு அடியில். என்பிஐ மேற்பரப்பை மட்டுமே காட்டும். இங்கே ஃபோர்செப்ஸோடு ஊசியும் தேவைப்படும். அந்த முடிவை டாக்டரிடம் விடுங்கள்.

சாம்பிள் தவறான குப்பிக்குப் போனதா? திசு ஆய்வுக்கான துண்டு 10 சதவீத ஃபார்மலினில். காசநோய்க் கல்ச்சர், சிபிநாட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும்) சோதனைக்கானது ஃபார்மலினே படாத ஸ்டெரைல் சலைனில். ஃபார்மலினில் ஒருமுறை விழுந்த துண்டில் கிருமி வளராது. ஃபார்மலின் தொட்ட ஃபோர்செப்ஸை அப்படியே திரும்ப உள்ளே விடுவதும் தவறு. துண்டை எடுக்கத் தனி ஊசி வையுங்கள், ஃபோர்செப்ஸைச் சலைனில் அலசுங்கள்.

பத்தாலஜிக்குப் போகும் ஃபாரத்தில் "பயாப்ஸி" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எந்த மடல், எந்த ஒளியில் என்ன தெரிந்தது, முதல் துண்டு எது என்று இரண்டு வரி எழுதினால் அங்கே பார்ப்பவருக்கு அது பெரிய உதவி.

## கோடு, நடுக்கம், படம் வந்து வந்து போகிறது

மின்சாரத்தால் சுடும் கருவியோ ஆர்கான் கருவியோ ஓடும்போது மட்டும் கோடு வந்தால் அது குறுக்கீடு. கேபிள்களைத் தள்ளி வைத்து, நோயாளியின் எர்த் பேடைச் சரிபாருங்கள்.

நுனியை வளைக்கும்போது மட்டும் படம் போனால் வளையும் பகுதிக்குள் ஒயர் அடிபட்டிருக்கிறது. சும்மா இருக்கும்போதும் போய்ப் போய் வந்தால் கனெக்டரில் ஈரம் இருக்கலாம். 180 வரிசையில் கழுவும் முன் நீர்புகா மூடியைப் போட்டே ஆக வேண்டும். 190-இல் கனெக்டரே நீர்புகாத வகை. காயவைத்துத் துடைத்து, லீக் டெஸ்ட் செய்து, வேறு ஸ்கோப்பை மாட்டிப் பாருங்கள். வேறு ஸ்கோப்பிலும் அப்படியே இருந்தால் குறை புராசசரில். ஒயரும் புராசசரும் இரண்டுமே நம் கையில் இல்லாத வேலை. ஒருமுறை படம் போன ஸ்கோப்பை, "இப்போ வருதே" என்று பயாப்ஸிக்கு எடுக்காதீர்கள்.

## சேமித்த படம் திரையில் பார்த்தது மாதிரி இல்லை

ரெக்கார்டருக்குப் போகும் கேபிள் பழைய வகையாக இருந்தால் நுண்குழாய் விவரம் பாதி தொலைந்துபோகும். புராசசரிலிருந்து டிஜிட்டல் வழியாக எடுங்கள். படத்தில் நோயாளியின் பெயர் முந்தைய கேஸுடையதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம்.

## சர்வீஸுக்கு ஃபோன் செய்யும் முன்

"என்பிஐ சரியில்லை" என்று மட்டும் சொன்னால் இன்ஜினியர் வெறுங்கையோடு வந்து, பார்த்துவிட்டு, பாகம் எடுத்துவர மறுபடி போவார். ஸ்கோப்பின் மாடலும் சீரியல் எண்ணும், விளக்கின் மணிக் கணக்கு, லீக் டெஸ்ட் முடிவு, வேறு ஸ்கோப்பில் வருகிறதா இல்லையா, வெள்ளை ஒளியிலும் உண்டா என்பதையெல்லாம் எழுதிவைத்துக்கொண்டு பேசுங்கள். கோளாறு தெரியும்போது திரையை மொபைலில் படமெடுத்து அனுப்புங்கள். நோயாளியின் பெயர் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அனுப்பும் முன் ஸ்கோப் முழுமையாகக் கிருமிநீக்கம் ஆகியிருக்க வேண்டும். ஓட்டையுள்ளது என்றால் எப்படிச் செய்வது என்று கம்பெனியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மாற்று ஸ்கோப் எந்தத் தேதிக்குக் கிடைக்கும் என்று அதே ஃபோனில் கேட்டு, பயாப்ஸிக்குக் காத்திருப்பவர்களின் பட்டியலை அதற்குத் தகுந்தபடி அன்றே மாற்றி, அவர்கள் வீட்டுக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.